என் மகளின் பல் வேரோடு விழுந்தது: எங்கள் பகுதிச் சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதியின் பொதுச் சுகாதார அதிகாரிகளுக்கும், குழந்தைகளின் பல் பரிசோதனைக்குக் குழுக்களை அனுப்பும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

சென்ற மாதம் எங்கள் அங்கன்வாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. பல் பரிசோதனை இனி ஆறு வயது நிறைந்த பள்ளிக் குழந்தைகளுக்கு மட்டும்தான், அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் கிடையாது என்று அதில் எழுதியிருந்தது. காரணத்தையும் ஒரே வரியில் சொல்லியிருந்தீர்கள்: சிறு குழந்தைகளுக்கு இருப்பவை பால்பற்கள், அவை எப்படியும் விழுந்துவிடும். தாள் மலையாளத்தில் இருந்ததால், வாசலில் நின்ற மற்ற அம்மாக்களுக்கு அதைத் தமிழில் வாசித்துச் சொன்னவள் நான். அப்போது என் மகள் என் இடுப்பில் இருந்தாள். அவளுக்கு நான்கே கால் வயது. இருபது பால்பற்களில் எட்டு இப்போது அவள் வாயில் இல்லை. அந்த எட்டில் ஒன்றுகூடச் சொத்தையால் போனதில்லை.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, எல்லைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு ஊரில் நான் தமிழ் வழித் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஊர்ப் பெயரையும் நாங்கள் ஏறி இறங்கிய மருத்துவமனைகளின் பெயரையும் எழுதவில்லை. என் மகளை நாளை யாரும் விரல் நீட்டிக் காட்டக் கூடாது. தனி ஒரு மருத்துவரைத் தண்டிக்க வேண்டும் என்பதும் என் எண்ணமில்லை. தமிழில் எழுதுகிறேன், 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இங்குள்ள தமிழருக்கு அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தந்திருக்கிறது. அந்தப் பதிலை எதிர்பார்த்தே எழுதுகிறேன்.

முதல் பல் விழுந்தபோது அவளுக்கு மூன்று வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கையில் இருந்த துண்டில் சிவப்பாக இரண்டு பொட்டு. விண்டு பார்த்தால் உள்ளே கீழ் முன்பல் ஒன்று. அவள் அழவில்லை, வலிக்கவும் இல்லை போலும். இட்லியைக் கடித்து ஒரு பல் விழுமா? எனக்கு வயிறு கலங்கியது. மாமியார்தான், "முந்தி முளைத்தது முந்தி விழுகிறது" என்று சமாதானம் சொன்னார். என் கணவர் ஊர் வழக்கப்படி அதைச் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிந்தார். பதினொன்றாம் நாள் பக்கத்துப் பல்லும் விழுந்தது. அதை எறிய நான் விடவில்லை. ஒரு பழைய குங்குமச் சிமிழில் போட்டு வைத்தேன்.

வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகள் பல் விழுந்தால் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்து காட்டுவார்கள். பதினோரு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஆறேழு வயதில் விழும் பால்பல் ஒரு சின்னத் தொப்பி போல இருக்கும். அடியில் குழிந்திருக்கும், வேர் இருக்காது. கீழிருந்து முளைத்து வரும் நிலைப்பல் அந்த வேரைச் சிறுகச் சிறுகக் கரைத்துவிட்டிருக்கும். என் மகளின் பல்லில் வேர் முழுதாக இருந்தது. வெளியே தெரிந்த பகுதியைவிட நீளமாக, முனை கூம்பி, வெள்ளை வெளேரென்று. எதுவும் அதைக் கீழிருந்து தள்ளவில்லை. பிடித்துவைத்திருந்த எலும்புதான் விட்டுவிட்டிருக்கிறது. இதை எனக்கு விளக்கிச் சொல்ல ஒரு மருத்துவர் கிடைக்கப் பதினான்கு மாதங்கள் ஆயின.

அந்தப் பதினான்கு மாதங்களைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

பல் விழுவதற்கு இரண்டு மாதம் முன்பு உங்கள் குழு அங்கன்வாடிக்கு வந்திருந்தது. அப்போதே அவளுக்கு ஈறு தடித்து, கருஞ்சிவப்பாகி, துலக்கினால் இரத்தம் வடிந்தது. வந்தவர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பல்லெல்லாம் பளிச்சென்று இருந்தது. அட்டையில் "சொத்தை இல்லை" என்று குறித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பொய் எழுதவில்லை. படிவம் கேட்டது சொத்தையைப் பற்றி, அதற்கு அது சரியான பதில். ஈறு எப்படி இருக்கிறது, ஏதாவது பல் ஆடுகிறதா என்று கேட்க அந்தப் படிவத்தில் ஓர் இடம்கூட இல்லை. ஈறு நோய் இப்படித்தான் தப்பித்துவிடுகிறது. சொத்தை கறுப்பாகக் கண்ணில் படும். இது பல்லைத் தொடாமல் அதைத் தாங்கும் எலும்பைக் கரைக்கும். நேற்று வரை முத்துப் போல இருந்த பல் இன்று கையோடு வரும்.

இரண்டு பற்கள் போன பிறகு அரசு மருத்துவமனைக்குப் போனோம். ஓ.பி. சீட்டு வாங்கி இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். "பால்ப்பல்லல்லே, சாரமில்ல" (பால்பல்தானே, பரவாயில்லை) என்றார் மருத்துவர். சிமிழை நீட்டினேன்; திறந்து பார்க்கவில்லை. வைட்டமின் சிரப் எழுதிக் கொடுத்தார். அடுத்து ஒரு தனியார் பல் மருத்துவரிடம் போனோம். எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதுமே அவர், "அங்கே போர்வெல் தண்ணீர்தானே? ஃபுளோரைடு" என்று முடித்துவிட்டார். பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமாக இருக்கும் இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது பல் உருவாகும் காலத்தில் பல்லின் மேற்பூச்சான எனாமலைக் கெடுக்கும். பல்லில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ திட்டு விழும். மூன்று வயதுக் குழந்தையின் தாடை எலும்பைக் கரைத்துப் பல்லை உதிர்க்காது. இங்கே பல்லில் எது வந்தாலும் தண்ணீர்மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. தண்ணீரையும் யாரும் சரிசெய்யவில்லை என்பது வேறு கதை.

மூன்றாவதாகப் பார்த்தவர், நான் சரியாகத் துலக்கிவிடவில்லை என்றார். அதை நான் நம்பினேன். அன்று முதல் காலையும் இரவும் அவளை என் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். எச்சிலோடு இரத்தம் வழிந்து என் புடவையில் விழும். "அம்மா போதும், அம்மா போதும்" என்பாள். நான் நிறுத்தவில்லை. ஐந்து மாதம் இப்படிச் செய்தேன். அந்த ஐந்து மாதத்திலும் மேலும் மூன்று பற்கள் விழுந்தன.

இன்னொரு பக்கம், ஒன்றரை வயது முதலே அவளுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, தோல் தடித்துக் காய்த்துப்போய் வந்தது. மழை இல்லாத மாதங்களில் குதிகால் வெடிக்கும். மாமியார் விளக்கெண்ணெய் தடவினார். தோல் மருத்துவர் களிம்பு கொடுத்தார். அது ஒரு தனி நோய், பல் ஒரு தனி நோய் என்றுதான் நாங்கள் இரண்டு கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம்.

கடைசியில் எல்லை தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போனோம். குழந்தைகளுக்கான பல் மருத்துவர், இளம் பெண். வாயைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "விழுந்த பல் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" சிமிழைக் கொடுத்தேன். வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குழந்தையிடம், "கண்ணு, செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டு" என்றார். அவள் காட்டினாள். அவர் தன் உள்ளங்கையில் அந்தப் பாதத்தை ஏந்தி, கட்டைவிரலால் குதிகாலைத் தடவினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மீதமிருந்த கடைவாய்ப் பற்களைச் சுற்றி எலும்பே இல்லை. பற்கள் காற்றில் மிதப்பது போலத் தெரிந்தன.

கை கால் தோல் தடிப்பதும் பல் உதிர்வதும் ஒரே நோய்தான். அதற்குப் பாப்பியோன்-லெஃபெவர் நோய்க்குறி என்று பெயர். 1924-இல் இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதி வைத்தது. கதெப்சின் சி என்னும் ஒரு நொதியை உண்டாக்கும் மரபணுவில் பழுது என்பது 1999-இல் தெரிந்தது. அந்த நொதி இல்லாவிட்டால் கிருமியைக் கொல்ல வேண்டிய வெள்ளை அணுக்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்ய முடியாது. பல் முளைத்த கொஞ்ச காலத்திலேயே ஈறு அழற்சி தொடங்கி, நான்கைந்து வயதுக்குள் பால்பற்கள் பெரும்பாலும் போய்விடும். கவனிக்காமல் விட்டால் நிலைப்பற்களுக்கும் பதின்ம வயதில் அதே கதிதான். சில குழந்தைகளுக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி வரும் ஆபத்தும் உண்டு என்பதால் அவளுக்கு வயிற்று ஸ்கேனும் எடுத்தார்கள். மரபணுப் பரிசோதனை நோயை உறுதிசெய்தது.

பத்து லட்சத்தில் ஒருவருக்கோ நான்கு பேருக்கோ வரும் நோய்க்காக ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளையும் பார்க்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். இந்த ஒரு நோய்க்காக மட்டும் நான் கேட்கவில்லை. ஐந்து வயதுக்கு முன்னால், அடிபடாமல், சொத்தை இல்லாமல் ஒரு பால்பல் ஆடினாலோ விழுந்தாலோ அதன் பின்னால் என்னென்ன இருக்கலாம் என்று அந்த மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்னும் வகை குறைவு. வெள்ளை அணுக்கள் இரத்தக் குழாயை விட்டுத் திசுவுக்குள் போக முடியாத பிறவிக் குறை. அந்தக் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி விழுவதே வாரக்கணக்கில் தாமதமாகும். ஹைப்போபாஸ்பட்டேசியா என்னும் எலும்பு நோய். இதில் ஈறு சிவக்காமலேயே பல் வேரோடு விழும், இரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி குறைந்திருக்கும், ஆய்வக அறிக்கையில் அது கூடினால்தான் எல்லோரும் கவனிப்பார்கள். தாடை எலும்பை அரிக்கும் ஹிஸ்டியோசைட்டோசிஸ். சில நேரம் சர்க்கரை நோய். சில நேரம், அதைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்தினார், இரத்தப் புற்றுநோய். இவை எதுவும் இல்லாமல், மற்றபடி ஆரோக்கியமான குழந்தைக்கே பால்கடைவாய்ப் பற்களைச் சுற்றி எலும்பு கரைவதும் உண்டு. அதைச் சுத்தம் செய்து உரிய மருந்து கொடுத்தால் கட்டுப்படுத்த முடியும்.

அந்தத் தாளை இங்கே எதிரில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இதில் எந்த நோயும் ஆறு வயது வரை காத்திருக்காது.

உங்கள் முடிவில் என்னை மிகவும் வருத்துவது அந்த ஆறு என்ற எண்தான். முதல் நிலைப்பல் ஏறக்குறைய ஆறு வயதில் வருகிறது. எந்தப் பால்பல்லும் விழாமல், கடைசிப் பால்கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிறது. என் மகளுக்கு இப்போது வகுத்திருக்கும் சிகிச்சை இதுதான்: கெட்டுப்போன மீதிப் பால்பற்களை எடுத்துவிடுவது, கிருமிக்கு மருந்து கொடுப்பது, அந்த முதல் நிலைப்பல் வரும்போது வாயில் கிருமி குடியிருந்த பழைய குழிகள் இல்லாமல் பார்த்துக்கொள்வது. இதனால் நிலைப்பற்கள் கட்டாயம் நிலைக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. ஆனால் இந்த வழியில் நிலைப்பற்களைக் காப்பாற்றிய பிள்ளைகள் இருக்கிறார்கள். எனவே எங்களுக்குக் கையில் இருப்பது ஆறு வயது வரைக்குமான காலம். நீங்கள் பரிசோதனையைத் தொடங்குவதாகச் சொல்லும் நாளில் எங்கள் காலம் முடிந்திருக்கும்.

விதியும் உங்கள் தாளுக்கு எதிராகவே இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டமான ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரமின்படி அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக் குழந்தைகளை ஒருமுறையும் பார்க்க வேண்டும். சின்னக் குழந்தைகளைக் கூடுதலாகப் பார்க்கச் சொல்கிறது திட்டம். நீங்கள் பல்லை மட்டும் அதிலிருந்து கழற்றிவிட்டீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் கட்டிக்கொண்டது என் அத்தை மகனை. எங்கள் பக்கத்தில் அது புதிதில்லை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 28 சதவீதம் பேர் உறவில் மணந்தவர்கள். கேரளத்தில் அது ஒற்றை இலக்கம். அதனால்தானோ என்னவோ, பதினான்கு மாதத்தில் இங்கே ஒருவரும் எங்களிடம், "நீங்கள் இருவரும் சொந்தமா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதி வழி கிடைத்திருக்கும். தாய் தகப்பன் இருவரிடமும் பழுதுள்ள மரபணுவின் ஒரு பிரதி இருந்தால், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் பிள்ளைக்கு இந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு மருத்துவ அலுவலர் எங்களைத் திட்டினார், "உங்கள் ஆட்களுக்கு எத்தனை சொன்னாலும்" என்று. திட்டு வேண்டாம் ஐயா. எங்களுக்கு இன்னொரு பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று இரவெல்லாம் விழித்திருக்கிறோம். அதைத் தமிழில் உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். என் நாத்தனார் மகளுக்கும் முறைப்பையனைத்தான் பேசி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் யாராவது சொல்ல வேண்டும், பயமுறுத்தாமல்.

பால்பல் போனால் என்ன என்று எழுதியவர் என் மகளோடு ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்கட்டும். முன்பற்கள் இல்லாததால் முறுக்கு, கடலை மிட்டாய், கொய்யா எதுவும் கிடையாது. சோற்றைக் குழைத்து ரசம் விட்டுக் கொடுக்கிறேன். "தாத்தா" என்று கூப்பிட்டால் நாக்கு வெளியே வந்துவிடுகிறது. "வா" என்பது காற்றாகப் போகிறது. எழுத்து கற்பிப்பவள் நான், என் வீட்டில் தகரமும் வகரமும் இப்படிச் சிதறுவதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறேன். ஈறில் சீழ் இருந்த மாதங்களில் வாய் நாறும். அங்கன்வாடியில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்கள். அதன் பிறகு சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டாள். நான்கு வயதில்.

அந்தத் தாளைப் பார்த்த பிறகு, எங்கள் அங்கன்வாடியிலும் பக்கத்து அங்கன்வாடியிலும் இருக்கும் அம்மாக்களிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஐந்து வயதுக்குள் பல் ஆடும் குழந்தைகள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு பையன் திண்ணையிலிருந்து விழுந்து அடிபட்டதாகச் சொன்னார்கள், அது அப்படித்தான் இருக்கும். இன்னொரு பெண்குழந்தைக்கு ஏன் ஆடுகிறது என்று யாருக்கும் தெரியாது. அவள் அம்மா தோட்ட வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கோவைக்கு வர முடியாது என்றார். உங்கள் குழு வந்தால் காட்டலாம் என்று இருந்தாராம்.

இப்போது நான் கேட்பவற்றைச் சொல்கிறேன்.

அங்கன்வாடிக் கதவில் ஒட்டிய அந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள். பிறந்தது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளின் வாயை ஆண்டுக்கு இருமுறை பாருங்கள், இந்த ஆண்டு விட்டுப்போன முறையையும் சேர்த்து. பார்க்கும்போது சொத்தையோடு நிறுத்தாமல், ஈறில் இரத்தமும் வீக்கமும் சீழும் உண்டா, எந்தப் பல்லாவது ஆடுகிறதா, வயதுக்கு முன்னால் விழுந்ததா என்று கேட்டு எழுதப் படிவத்தில் இடம் கொடுங்கள். உள்ளங்கையையும் உள்ளங்காலையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு அரை நிமிடம் போதும்.

ஐந்து வயதுக்கு முன் காரணமில்லாமல் பல் ஆடும் குழந்தையை "சாரமில்ல" என்று திருப்பி அனுப்பாமல், குழந்தைப் பல் மருத்துவரிடமும் குழந்தை நல மருத்துவரிடமும் அனுப்ப எழுத்து மூலம் உத்தரவு போடுங்கள். எக்ஸ்ரேயோடு, வெள்ளை அணுக்களின் வகைவாரி எண்ணிக்கை, சர்க்கரை, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஆகிய இரத்தப் பரிசோதனைகள் அரசு ஆய்வகத்திலேயே இலவசமாக நடக்கட்டும். விழுந்த பல்லை எறியாமல் கொண்டுவரச் சொல்லி ஆஷா பணியாளர்களும் அங்கன்வாடி டீச்சர்களும் வீடுகளில் சொல்ல, மலையாளத்திலும் தமிழிலும் ஒரு பக்கத் தாள் அச்சடித்துக் கொடுங்கள். தமிழ்ப் பக்கத்தைச் சம்பளம் வாங்காமல் எழுதித் தரவும் படித்துத் திருத்தவும் நான் இருக்கிறேன்.

பல் இழந்த சிறு குழந்தைகளுக்குக் கழற்றி மாட்டும் சின்னப் பல்செட் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். தாடை வளர வளர அதை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் கடன் வாங்க எங்களால் ஆகாது. மரபணு ஆலோசனை தமிழில், குற்றம் சொல்லாமல் பேசத் தெரிந்தவரிடமிருந்து, எங்கள் எல்லைப்புறக் குடும்பங்களுக்கு மாதம் ஒரு நாளாவது கிடைக்க வேண்டும்.

முப்பது நாளுக்குள் இதற்குத் தமிழில் எழுத்து மூலம் பதில் வேண்டும். அதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது: பக்கத்து அங்கன்வாடியில் பல் ஆடும் அந்தப் பெண்குழந்தையைப் பார்க்க இந்த வாரமே ஒரு மருத்துவரை அனுப்புங்கள். நாள் சொன்னால் போதும். அவள் அம்மாவின் அன்றைய கூலியை நான் கொடுத்து அழைத்து வருகிறேன். என் மகளையும், குங்குமச் சிமிழையும் கொண்டு வருகிறேன். இந்த முறை திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
எல்லையோர ஊர் ஒன்றின் தமிழாசிரியை, ஒரு தாய்